மலைக்கல் என்று பேர் வாங்கிய கடல்தரை

செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு அறை விடுகிற ஒருவருக்கு நான் தரை போட்டுக் கொடுத்தேன். தியானக் கூடத்துக்குக் கருப்புக் கடப்பாக் கல். ஆந்திராவிலிருந்து லாரியில் வந்து இறங்கியதை அவரும் நின்று பார்த்தார். கூடம் திறந்த வாரமே, சாமியாகக் கும்பிடுகிற நம் ஊர் மலையில் பெயர்த்த கல் என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மலையில் யாரையும் உளி வைக்க விடமாட்டார்கள் என்பது இந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். வந்து தங்குகிறவர்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் என் கையில் புழங்குகிற கல் எங்கே பிறந்தது என்று கேட்டுப் படித்து வைத்திருக்கிறேன். நம் மலை, பூமிக்குள் கொதித்த குழம்பு மெல்ல ஆறி இறுகியது. கடப்பாக் கல் தண்ணீரில் பிறந்தது. நம் வீட்டு போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான். வெயில் தரைவரை எட்டுகிற, ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாசி மாதிரி நுண்ணுயிர்கள். அவை தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். வாயு குறைந்தால் தண்ணீரால் சுண்ணாம்பைத் தாங்க முடியாது. மாவு போல அடியில் விட்டுவிடும். அதன்மேல் ஆறு கொண்டுவந்த வண்டல் ஒரு மெல்லிய பூச்சு. மறுபடி சுண்ணாம்பு. ஏறிய பாரம் கீழே உள்ளதை அழுத்திக் கல்லாக்கியது. அதனால்தான் ஓரத்தில் உளி வைத்துத் தட்டினால் பலகை பலகையாகப் பிரிகிறது. அதில் சிப்பி தேடாதீர்கள். உலகத்தில் சிப்பி உண்டாவதற்கு முந்தைய கல் அது.

இதெல்லாம் அந்த ஓனருக்கு எதற்கு? ஒருநாள் காலையில் போனில் கத்தினார்.

"இன்னா மேஸ்திரி, டூப்ளிகேட் கல்லு போட்டு ஏமாத்திட்டியா? தரையெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துப் போச்சு. இந்த ரோட்டுல இனிமே நீ கரண்டி புடிக்க முடியாது, பாத்துக்க!"

அப்போது எனக்கு வேலை முழுக்க அந்த ரோட்டில்தான். பேர் கெட்டால் நம் வீட்டு அடுப்பு கெடும். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போனால், கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓனரின் குரல் பாதியாகிவிட்டது. கடப்பாக் கல்லைக் குறை சொன்னால், மலைக்கல் என்று விட்ட கதை என்ன ஆவது? மூலையில் ஆசிட் கேன் நின்றது. ஆசிட் பட்டால் இந்தக் கல் அரித்து வெளுத்துவிடும்.

"ஆசிட் ஊத்தாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே சார்?"

"லேசாத்தான்யா ஊத்துனேன். ஜாஸ்தி பளபளப்பு வரட்டும்னு. மெல்லப் பேசு."

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏங்க, இது ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

ஓனர் கண் இமைக்கவில்லை. "அக்னி மலைங்க மேடம். உள்ள இருக்கற சூடு, விபூதியா வெளிய வருது."

அந்த அம்மா குனிந்து, அந்த ஆசிட் கறையை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. டீ மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். கறை படாத ஒரு கல்லில் ஆணியால் கீறி, அந்தப் பொடியில் பிழிந்தேன். நுரைத்தது. "பாருங்கம்மா, சுண்ணாம்புக் கல்லுதான் இப்படிப் பொங்கும். இது கடலுக்கு அடியில இருந்தது. மலைக்கல்லுல ஒரு பழம் முழுசாப் பிழிஞ்சாலும் ஒண்ணும் ஆவாது."

"அய்யோ, கல்லு மூச்சு விடுது!" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு பேர் செல்போனோடு ஓடிவந்தார்கள். கடல் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. படித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

ஓனர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். இப்போது மரியாதை வந்திருந்தது. "மேஸ்திரி, மாடியில ரெண்டு ரூமுக்கும் இதே கல்லு போட்டுக் குடுத்துடுங்க. வாய மட்டும் தொறக்காதீங்க."

"வேற ஆளப் பாத்துக்கங்க சார்," என்றேன்.

அதற்கப்புறம் அந்த ரோட்டில் என்னை யாரும் கூப்பிடவில்லை. இப்போது கீழ்பென்னாத்தூர் பக்கம்தான் வேலை. அங்கே வீட்டுக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "வழுக்குமாங்க?"

நம் சமையல் மேடையும் அதே கல்தான். புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.