ரேடியேட்டருக்கு முன்னால் அருகம்புல்

2024 ஏப்ரல் 24, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, மனைவிக்கு வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டிய மாத்திரையைக் கொடுத்தேன். வண்டியின் பானெட்டைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தேன். குறையவில்லை. நோட்டில் எழுதினேன். சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் வெப்பநிலைப் பதிவேடு எழுதுவது என் வேலை; அந்தப் பழக்கம் வண்டிக்கும் வந்துவிட்டது.

வண்டி பழைய அம்பாசடர். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்திருக்கிறது. மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு ஏசியும் போட்டேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏற்றுவார்கள். திரும்பும்போது பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை வாடகை காரில் போனோம். மடங்கி உட்கார்ந்து, சந்திரகிரி தாண்டுவதற்குள் நான்கு முறை வாந்தி. இனி அந்த மாதிரி காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் பாகாலா தாண்டியதும் அம்பாசடர் கொதித்துவிட்டது. ஒரு மணி நாற்பது நிமிடம் புளியமரத்தடியில் நின்றோம். போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. மருந்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு வாரம் நாளை முடிகிறது. இன்னொரு முறை தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்கவேண்டும், நான்கு நாள் ஆகும் என்றார். நான் நோட்டை நீட்டினேன். ஊருக்குள் ஓட்டினால் வெப்பநிலை முள் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. நிறுத்தி வைத்து ஓடவிட்டாலும் ஏறுவதில்லை. அறுபதைத் தாண்டி ஓட்டினால், அதுவும் ஏசி போட்டால், ஏறுகிறது. கேஸ்கெட் போனால் வரும் வெள்ளைப் புகை இல்லை. தண்ணீரில் எண்ணெய் இல்லை, குமிழி இல்லை. தெர்மோஸ்டாட் புதிது. ஃபேன் பெல்ட் இறுக்கம்.

பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இன்னா சார், வண்டிக்கு நர்ஸ் வேலை பாத்துக்கினு கீறீங்களா?” என்றார். ஆனால் கேஸ்கெட் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

எஞ்சினை ஓடவிட்டு, தினத்தாளில் ஒரு தாளைக் கிழித்து முன்பக்கத்தில் வைத்தார். உள்ளே இருக்கும் ஃபேன் காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஓரத்தில் நின்றது. நடுவில் வைத்ததும் வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் விழுந்தது.

கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த ஏசி கன்டென்சரை நகர்த்தினார். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதில் காய்ந்த புல் கம்பளிபோல் படிந்திருந்தது. வெள்ளெருக்கம் பூக்கள், நூல் துண்டுகள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மனைவி ஒவ்வொரு முறையும் போகும் வழியில் காணிப்பாக்கத்தில் நிறுத்தச் சொல்லி, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல், எருக்கம்பூ மாலையில் ஒன்றை வாங்கி, கிரில்லில் தன் கையாலேயே கட்டுவாள். கன்டென்சர் ரேடியேட்டரைவிட நான்கு விரல் குட்டை. அந்த மேல் சந்து வழியாகப் புல் உள்ளே விழுந்திருக்கிறது. நோட்டில் எண்ணிப் பார்த்தேன்: ஏசி போட்ட பிறகு பதினொரு பயணம், பதினொரு மாலை. நான் முன்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவியதெல்லாம் புல்லை இன்னும் அழுத்தியிருக்கிறது. மாலையைப் பற்றி என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

மெக்கானிக் வழித்தெடுத்த புல்லைக் குப்பையில் போடவில்லை. கால்படாத இடமாகப் பார்த்து வேப்பமரத்தின் அடியில் வைத்தார். பிறகு பைபாஸில் நாற்பது நிமிடம் ஏசியோடு ஓட்டினோம். முள் பாதியிலேயே நின்றது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தெர்மோஸ்டாட் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவள் வாசலிலேயே கேட்டாள்.

“இன்னா கெட்டுப் போச்சாம்?”

“ஒண்ணும் கெடல. காத்து போவாம அடச்சிக்கினு இருந்துச்சு.”

“எது?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். மாலை கட்டிய தன் கையைப் பார்த்தாள்.

“நல்லபடியா போயி வரணும்னு கட்டினேன். நானே அதுக்கு மூச்ச அடச்சிக்கினு இருந்துகீறேன்.” பிறகு சொன்னாள்: “நாளைக்கு காணிப்பாக்கத்துல நிறுத்த வாணாம். நேரா போய்டலாம்.”

வண்டி கொதித்த அன்றுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. நோய் தெரிந்த இந்தப் பதினான்கு மாதத்தில், சாமி காரியத்தில் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

மறுநாளும் ஐந்து பத்துக்கு எழுந்தேன். பானெட்டைத் திறக்கவில்லை. முதல் வேலையாகக் குழாயடிக்குப் பின்னால் போய் ஒரு கை அருகம்புல் பறித்து, மண் போகக் கழுவி, நூல்கண்டோடு அவள் மடியில் வைத்தேன். “பின்கண்ணாடி உள்பக்கமா கட்டலாம். படுத்தா உனக்குத் தெரியும்” என்றேன். அவள் நூலின் நுனியைத் தேடி எடுத்தாள்.