அண்ணனுக்கு மூன்றாவது நோட்டீஸ்

வண்டி நிறுத்துவதற்கு ஒரு கமிட்டி, அதற்கு நான் தலைவி என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பள்ளிவாசல் என்ற மலையூரிலிருந்து மேலே ஏறும் சாலையில், தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டியது எங்கள் பல்கலைக்கழக வளாகம். சமதரை என்று சொல்லிக்கொள்ள அங்கே கைக்குட்டை அளவு இடம்கூடக் கிடையாது. அந்தச் சரிவில்தான் ஆசிரியர்களின் கார்களும் மாணவர்களின் ஸ்கூட்டர்களும், தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப்புகளும் நிற்க வேண்டும். இந்தப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று கூட்டத்தில் கேட்டபோது ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். பொருளாதாரம் நடத்த வந்த என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. யாருக்கு எங்கே இடம் என்று கோடு போட்டேன். பெர்மிட் ஸ்டிக்கர் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்றேன். மாணவர் இடத்தில் நிறுத்திய எங்கள் துறைத் தலைவரின் காருக்கே நோட்டீஸ் ஒட்டினேன். கொஞ்ச நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆள் நான் இல்லை. கார் வாங்கியதும் சிலருக்குத் தரையில் போட்ட கோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, நான் என்ன செய்ய?

நான் எழுதிய விதிகளில் ஒன்று சமவெளிக் கல்லூரி எதிலும் இருக்காது. சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்காமல் போகும் வண்டிக்கு நோட்டீஸ். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். கிளம்பும்போது வண்டி முன்னால் போய்விடும், கல் நடுரோட்டில் கிடக்கும். இறங்கி அதை ஓரமாகப் போட எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஒருநாள் மூடுபனியில் அப்படிக் கிடந்த கல்லில் ஸ்கூட்டர் ஏறி, ஒரு மாணவிக்குக் கை உடைந்தது. மறுநாளே விதியை எழுதிவிட்டேன். மூன்றாவது நோட்டீஸ் வந்தால் அந்தப் பருவம் முடியும்வரை பெர்மிட் ரத்து. ஆட்சேபம் இருந்தால் கமிட்டியிடம் அப்பீல் செய்யலாம்.

முதன்முதலாக மூன்றாவது நோட்டீஸ் வாங்கியவர் என் அண்ணன்.

அண்ணன் ஜீப் ஓட்டுகிறார். நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட் லயத்திலும், பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பு லயங்களிலும் காலையில் பிள்ளைகளை ஏற்றி, மேலே வகுப்புக் கட்டடம்வரை கொண்டுபோய் விடுவார். கேட்டிலிருந்து கட்டடத்துக்கு மூச்சு முட்டும் ஏற்றம். பெர்மிட் போனால் பிள்ளைகள் கேட்டிலேயே இறங்கி, மழையில் நனைந்துகொண்டு ஏற வேண்டும். சில நாள் பார்த்துவிட்டு, மேலே வரை போகும் வேறு ஜீப்புக்கு மாறிவிடுவார்கள். அண்ணனின் காலை ஓட்டமே கையைவிட்டுப் போய்விடும். அவர் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்ததால்தான் நான் எம்.ஏ. வரை போக முடிந்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. விதிகளை எழுதும்போது, சொந்தக்காரர் வழக்கு வந்தால் என்ன செய்வது என்று நான் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. என் அண்ணன் தப்பு செய்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் அப்பீல் கொடுத்திருக்கிறார் என்று என் காதுக்கு வந்தது. அன்று மாலையே போன் செய்தேன்.

"அண்ணே, எதுக்கு அப்பீல் குடுத்த?"

"ஏன், குடுக்கக் கூடாதா? ரூல்ஸ்ல இருக்குல்ல?"

"கல்ல எடுத்தியா எடுக்கலையா, அத மட்டும் சொல்லு."

"அதெல்லாம் அங்கன வந்து சொல்லுதேன்."

"அப்படின்னா விசாரணை அன்னைக்கு நான் ஒதுங்கிக்கிறேன். மத்த ரெண்டு பேரும் விசாரிக்கட்டும்."

"நீ இல்லன்னா நான் வரல. அப்பீலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. தங்கச்சி நாற்காலியில் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டாரா? வேறு யாராக இருந்தாலும் இரண்டு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். அண்ணன் அப்பீலையே விட்டுவிடுவாரோ என்று, ஒதுங்காமல் நானே உட்காருவதென்று முடிவு செய்தேன்.

கமிட்டியில் என்னோடு இருந்தவர்களில் ஒருவர் கோட்டயம் பக்கத்து மலையாளி இளைஞர், கணிதம் நடத்துபவர், நல்ல மனிதர். விசாரணைக்கு முன்பு என்னிடம் வந்து, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்றார். நோட்டீஸில் வண்டி எண் தெளிவாக இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதுமாம். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். "துறைத் தலைவர் கார்ல ஒட்டின பசையே இன்னும் காயல சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முதல் கேன்டீன்காரர் வரை எல்லோரும் அன்று என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனை விட்டுவிட்டால் மறுநாள் முதல் என் கோடுகளை ஒரு ஸ்கூட்டர்கூட மதிக்காது. விடாவிட்டால், மதினி முகத்தில் எப்படி முழிப்பேன்?

அண்ணன் தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். நீள மேசை, மூன்று நாற்காலிகள், நடுவில் நான். என் முன்னால் இருந்த பெயர்ப்பலகையை அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பது உதட்டசைவில் தெரிந்தது.

"உட்காருங்க" என்றேன். பிறந்ததிலிருந்து அவரை நான் 'நீங்க' என்று சொன்னதில்லை. அவர் உட்காரவில்லை.

"இருக்கட்டும் மேடம்" என்றார்.

"மூணாவது நோட்டீஸ் வந்திருக்கு. உங்க பக்கம் என்ன சொல்லணும்?"

"தப்பு என்னுதுதான் மேடம். பரீட்சை நாளு, பிள்ளைகள எறக்கி விட்டுட்டு அடுத்த ட்ரிப்புக்குப் பறந்தேன். கல்லு அங்கனயே கெடந்துருச்சு. செக்யூரிட்டி எழுதுனது சரிதான்."

கணித ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "பின்னே எதுக்கு சேட்டா அப்பீல் கொடுத்தது?"

அண்ணன் அவரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"அப்பீல் குடுத்தாத்தான சார் உள்ள கூப்பிடுவீங்க? இத்தன வருசமா இந்தக் கேட்டுல வந்து போறேன். எந்தங்கச்சி சேர்ல உக்காந்து விசாரிக்கிறத ஒரு தடவ பாக்கணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிதாகப் பெருமை வந்து நின்றது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் பார்க்க வந்தது அதை அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற இருவரிடமும் கேட்டுவிட்டு, முடிவைச் சொன்னேன்.

"அப்பீல் தள்ளுபடி. இந்தப் பருவம் முடியிற வரைக்கும் உங்க பெர்மிட் ரத்து. ஸ்டிக்கர கேட்ல ஒப்படைச்சிருங்க."

"சரிங்க மேடம். பிள்ளைகள நாளையிலருந்து கேட்டு வரைக்கும்தான் கொண்டுவந்து விடுவேன். மழையடிச்சா குடை குடுத்து நானே கூட ஏறி வாரேன். நடந்து வாறதுக்குப் பெர்மிட் வேண்டாம்ல?"

"வேண்டாம்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

கமிட்டி அறையின் ஜன்னலுக்குக் கீழேதான் ஜீப்புகள் நிற்கும். அண்ணன் அங்கே நின்று மதினிக்குப் போன் போட்டார். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அறையில் இருந்த மூவருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஏ, ரத்து பண்ணிட்டா! ஆமாங்கேன். எல்லாரு முன்னாடியும், ஒரு சொல்லுகூட எறங்கிப் பேசல பாத்துக்க. லயத்துல யாரு கேட்டாலும் சொல்லு, ரத்து பண்ணுனது என் தங்கச்சின்னு."