கம்பளிப் பந்தும் குட்டி நாற்காலியும்: ஹட் பே பாலர் பள்ளியில் நான் பட்டவை

பாலர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அந்த வேலையில் நம் முந்தானை நமக்குச் சொந்தமில்லை, எப்போதும் ஏதாவதொரு மூக்கு அதில் துடைத்துக்கொண்டிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னையில் பயிற்சி முடித்த கையோடு என்னை லிட்டில் அந்தமானில் இருக்கும் ஹட் பேக்கு அனுப்பினார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்களைக் காடு வெட்டிக் குடியேற்றிக்கொண்டிருந்த காலம். அவர்கள் வாயில் நான் தீதிமணி, அதாவது டீச்சரக்கா. பயிற்சியில் குழந்தைக் கல்வியின் பெரியவர்கள் மூன்று பேரை எங்களுக்கு உருப்போட வைத்திருந்தார்கள். பெயர்கள் வாயில் நுழையாததால் விடுதியில் நாங்கள் வைத்த பெயர்களே நிலைத்துவிட்டன: கிண்டர்கார்டன் என்ற சொல்லையே உண்டாக்கிய ஜெர்மன்காரர், குழந்தையின் உயரத்துக்கு நாற்காலி செய்யச் சொன்ன இத்தாலி டாக்டரம்மா, போரில் அநாதையான பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த சுவிஸ் ஐயா. இவர்களை நம்பித்தான் கப்பலேறினேன்.

போச்சு, வந்தாச்சு

குழந்தைக்கு முதல் விளையாட்டுப் பொருள் நூலில் கட்டிய மெத்தென்ற கம்பளிப் பந்து என்பார் ஜெர்மன்காரர். அதை ஆட்டிக் காட்ட வேண்டும், கைக்குள் மறைக்க வேண்டும், திரும்பக் காட்ட வேண்டும். கப்பலில் வாந்திக்கும் வாந்திக்கும் நடுவே நிறம் நிறமாகப் பின்னி வைத்திருந்தேன்.

கோபால் என்று ஒரு பையன். நாலு வயது இருக்கும். அவன் அம்மாவைக் காய்ச்சலோடு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் அங்கேயே இறந்துபோனாள். யார் மடிக்கும் வராமல் மூலையில் கிடந்தவன், பந்தைப் பார்த்ததும் நகர்ந்து வந்தான். நான் பந்தை மறைத்து, போச்சு என்பதற்கு இந்தியில் "கயா" என்பேன், காட்டி, வந்தாச்சு என்று "ஆ கயா" என்பேன். மூன்றாம் நாள் சிரித்துவிட்டான். என் படிப்பு வீண்போகவில்லை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் அப்பா நிதாய் காடு வெட்டப் போகும் வழியில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "தீதிமணி, போனது திரும்பி வரும்னு அவனுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. சாயங்காலமானா கப்பல் வர்ற பக்கம் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்."

உட்காருவதற்கு

பந்தைப் பெட்டியில் போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் தஞ்சம் புகுந்தேன். குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன நாற்காலி வேண்டும் என்பது அவர் கட்சி. ஊருக்கே ஒரே தச்சர், நாகர்கோவில் பக்கத்து ஞானமணி. எல்லாருக்கும் அவரிடம்தான் வேலை: வீட்டுக்கு நிலை, படகுக்குப் பலகை, அந்த மழைக்காலத்தில் சாவுக்குப் பெட்டி. அதனால் ஒரு மாதம் இழுத்தடித்தார்.

கடைசியில் ஒருநாள் படாக் மரத் துண்டுகளில் செய்த நாற்காலிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். செக்கச்செவேலென்று, முனையெல்லாம் இழைத்து, அவ்வளவு அழகு. பிள்ளைகள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். கூலி கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவரோ கிளம்பாமல், பிள்ளைகள் உட்காருவதையும் எழுந்திருப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றார். "டீச்சர், இந்தத் தீவுக்கு வந்ததுலேர்ந்து பிள்ளையள் அளவுக்கு நான் செஞ்ச சாமான்ல, உக்காருறதுக்குன்னு செஞ்சது இதுதான் மொதல்."

மௌன விளையாட்டு

டாக்டரம்மாவின் இன்னொரு பாடம் மௌனம். பிள்ளைகள் அசையாமல் உட்கார வேண்டும். டீச்சர் வெளியே நின்று ஒவ்வொரு பெயராகக் காதோடு சொல்வதுபோல் கூப்பிட வேண்டும். கேட்ட பிள்ளை ஓசைப்படாமல் எழுந்து வரும். சென்னையில் செய்து பார்த்தபோது ஒரு நிமிஷம்கூடத் தாங்காமல் எல்லாம் கொல்லென்று சிரித்துவிடும்.

ஹட் பேயில் உதட்டில் விரல் வைத்ததும் எங்கள் பள்ளிக் கொட்டகை அடங்கியது. இருமல் இல்லை, நாற்காலி நகரும் சத்தம் இல்லை. அஞ்சலி என்ற பெண் தன் தம்பியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். நான் வெளியே போய்ப் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், கதவைப் பார்த்தபடி எல்லாரும் அப்படியே இருந்தார்கள். எத்தனை கட்டுப்பாடு என்று எங்கள் ஆயா மாலதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் அவர்களோடு எல்லை தாண்டி வந்தவள்தான். கஞ்சிக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "தீதி, இவங்க விளையாடலை. ஒளிஞ்சிருக்காங்க."

அதிகாரி வந்தார்

அதோடு மௌனத்துக்கு முழுக்கு. தினமும் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலையை மிஞ்சிக் கத்துங்கள் என்று விட்டுவிடுவேன். முதல் சில நாள் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. அஞ்சலிதான் எல்லாரையும்விட உரக்கக் கத்துவாள்.

அந்த நேரம் பார்த்து போர்ட் பிளேரிலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்து சேர்ந்தார். மணலில் புரண்டு ஓலமிடும் கூட்டத்தை ஓரமாக நின்று பார்த்தார். நான் ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "எல்லாம் டீக் ஹை மேடம், ஸ்கூல் எங்கே?"

செல்வியின் அம்மா

சுவிஸ் ஐயா அநாதைப் பிள்ளைகளோடு இருந்த கட்டடத்தைச் சில மாதங்களிலேயே பட்டாளம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டதாம். பரீட்சைக்குப் படித்தபோது அது ஒரு வரி. அடுத்த மழையில் தட்டம்மை பரவி, எங்கள் கொட்டகையையும் ஆஸ்பத்திரிக்குக் கேட்டபோதுதான் அந்த வரி என்னவென்று புரிந்தது. நானும் மாலதியும் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டோம். பலர் பிழைத்தார்கள். செல்வி பிழைக்கவில்லை. மரம் வெட்டும் கேம்பில் வேலை செய்யும் ராமநாதபுரத்துக்காரரின் ஒரே பெண். ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவதில் நாள் முழுக்க இருப்பவள். பாடம் நடந்த அதே இடத்தில், என் கையைப் பிடித்தபடி போனாள்.

பினாயில் போட்டுக் கழுவிப் பள்ளியைத் திரும்பத் திறந்தோம். இரண்டாம் நாள் செல்வியின் அம்மா முத்துலட்சுமி வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். அழவில்லை. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவதையும் சிந்துவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி நேரத்தில் மாலதி அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். அதைக் குடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "டீச்சரம்மா, நா விடிஞ்சதும் வேலைக்குப் போயிருவேன். எம்புள்ள இங்கன நாளெல்லாம் என்ன செய்யும்னு பாத்ததே இல்ல. அதேன் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்த மூன்று பெரியவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு, ஆனால் அவர்களில் ஒருவராவது ஹட் பேயில் ஒரு மழைக்காலம் இருந்திருந்தால் எங்கள் பாடப் புத்தகம் பாதியாகச் சுருங்கியிருக்கும், எங்களுக்கும் பரீட்சை எளிதாக இருந்திருக்கும்.