பரிசலில் எடுத்த ரத்தம்

காலை ஐந்தரைக்குப் பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க்; அதற்குள் ரத்தம் பிடிக்கும் காலிக் கண்ணாடிக் குழாய்கள். எண்பதுகளின் கடைசி அது. எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களின் உடல்நிலையும் நடத்தையும் வருடக்கணக்கில் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து பார்க்கும் சென்னை ஆய்வொன்றில் நான் களப்பணியாளர். எங்கள் பட்டியலில் இருந்த ஒகேனக்கல்காரர், முன்பு லாரி ஓட்டிய மாதையன், இரண்டு தடவையாகப் பரிசோதனைக்கு வரவில்லை. "போய்ச் சேர்ந்திருப்பான்மா, பேரை அடிச்சிடு" என்றார் பெரிய டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணால் பார்க்காமல் அடிப்பேனா!

தருமபுரியில் பேருந்து மாறினேன். ஒகேனக்கல் நாற்பத்தாறு கிலோமீட்டர். பக்கத்து இருக்கை அம்மாள் விடவில்லை.

"யாரு வூட்டுக்குங்க?"

"அருவி பாக்க."

"பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு, ஒண்டியாவா?"

சிரித்து மழுப்பினேன். விஷயம் கசிந்தால் மாதையனை ஊர் சேர்க்காது.

பத்தரைக்குப் பரிசல் துறை. வறுத்த மீன் வாசனை. யாரிடம், என்னவென்று விசாரிப்பது? தவித்து நிற்கையில் ஒரு குரல்: "மேடம், பரிசல் வேணுங்களா? ஏறுங்க!"

மாதையன்! தோளும் புஜமுமாக, கல் மாதிரி. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கூட ஏற வந்த இருவரை, "இது ஸ்பெஷலுங்க" என்று தடுத்துவிட்டார்.

நடு ஆற்றில் ஒரு பாறையோரம் நிறுத்தினார். "இப்பக் கேளுங்க. இந்தத் தண்ணிச் சத்தத்துல சாமிக்கே கேக்காது."

"ஏன் வரல?"

"உங்க ஆஸ்பத்திரில எங்க ஊருக்காரன் வேலைக்குச் சேந்துட்டானுங்க. அவன் பாத்தா அப்புறம் எம் பரிசல்ல எவன் ஏறுவான்?"

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொன்னனுங்க. ஒரு வாரம் மூஞ்சியே குடுக்கல. அப்புறம் அவளே டெஸ்டுக்குக் கிளம்பிட்டா. சேலத்துல பாத்தோம், அவளுக்கு இல்லீங்க." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். ஆடும் பரிசலில் ரத்தம் எடுத்தேன்; கை நடுங்கவில்லை என்று இன்றும் பெருமை.

"இனிமே நீங்க இங்கயே வந்துருங்க மேடம். சாவுற வரைக்கும் பதில் சொல்றன். அதுக்கு ரொம்ப நாளு ஆவும்!" என்றவர், துடுப்பைப் போட்டுப் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிவிட்டார். பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அலறினேன், சிரித்துக்கொண்டே.

சென்னையில் எங்கள் அறைக்குக் கதவு, தாழ்ப்பாள், திரை எல்லாம் உண்டு. அங்கே பேச முடியாத மனிதர் இங்கே வெட்டவெளியில் மனம் திறந்தார்.

மறுநாள் பெரிய டாக்டர் மேசையில் குழாயை வைத்தேன்.

"யாரோடது?"

"நீங்க அடிக்கச் சொன்ன ஆளோடது, சார்."