கேளாத பிள்ளை

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் மகனுக்குக் கடலுக்குள் மூழ்கிச் சுழியோட ஆசை. வல்வெட்டித்துறைப் பக்கம் ஆட்களைக் கூட்டிப்போகும் ஒருவரை நான்தான் தேடிப் பிடித்தேன். படகு இறக்குமுன் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பவர். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

படகில் ஏறியதும் மகன் கையில் மணிக்கூடு போல ஒன்றைக் கட்டினான். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்று காட்டும் டைவ் கம்பியூட்டர்.

“உதைக் கழட்டுங்கோ தம்பி. உது கத்தத் தொடங்கினால் எல்லாருக்கும் சுணக்கம். எங்கடை ஆள் பாத்துக் கூட்டிவருவான்,” என்றார் படகுக்காரர்.

மகன் படகிலிருந்து இறங்கிவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“சாமி கும்பிட்டிட்டுத்தானேடா உவை கடலிலை இறங்கிறவை. ஏன் பயப்பிடுறாய்?”

“அப்பா, சாமி கும்பிட்டிட்டு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டோ சைக்கிள் ஓடுறனீங்கள்?”

அடுத்த நாள் அவனே விசாரித்து வேறொருவரிடம் என்னையும் கூட்டிப்போனான். அந்த மனிதர் முதலில் பார்த்ததே அவன் கையைத்தான்.

“கம்பியூட்டர் இருக்கோ? நல்லது. அது இல்லாமல் நான் ஒருத்தரையும் இறக்கிறேல்லை.” பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ரை தம்பி ஆழத்திலையிருந்து மெதுவா வராமல் கெதியா மேலை வந்தவன், ஐயா. இண்டைக்கும் இடுப்புக்குக் கீழை உணர்ச்சியில்லை.”

மகன் குனிந்து காலில் துடுப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நான் அந்தக் கால்களையே பார்த்தபடி நின்றேன்.

அவன் சுழியோடி முடித்துக் கரைக்கு நடந்து வரும்வரை கைகூப்பியபடி இருந்தேன். அவனைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் சொல்லைக் கேளாத பிள்ளையைத் தந்ததற்கு முருகனுக்கு நன்றி சொன்னேன்.