சளி பார்ப்பவளின் விசுவாசம்

என் சித்திக்கு வீட்டில் ‘இன்னொரு தடவை’ என்று பெயர். கதவைப் பூட்டிவிட்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடிவிட்டு இன்னொரு தடவை குனிந்து பார்ப்பாள். தொழில் கொடுத்த பழக்கம். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சளி பரிசோதிப்பது அவள் வேலை. சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் மெல்ல மெல்ல நகர்த்துவாள். காசநோய்க் கிருமி இருந்தால் நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகளாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அதே சித்தி சபையின் பாட்டுக் குழுவில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி ஒத்துப்போகின்றன என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பாதி விடை கிடைத்தது.

ஆய்வக ஜன்னலில் எங்கள் சபையின் தையல்காரி நின்றிருந்தாள். அவளுக்குக் காசநோய் என்று தெரிந்ததிலிருந்து சபையில் அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். சபையே அவளுக்காக ஜெபிக்கிறது, தள்ளி உட்கார்ந்துகொண்டு.

“ஸ்தோத்திரம்க்கா! கிருமி இல்லையாம். கர்த்தர் சுகமாக்கிட்டார்னு ஞாயித்துக்கிழமை சபை முன்னால சாட்சி சொல்லப்போறேன்.”

“சந்தோஷம்டி. மாத்திரை?”

“இனிமே எதுக்கு? மாத்திரைய முழுங்கிக்கிட்டே கர்த்தர் சுகமாக்கிட்டார்னு சொன்னா யார் நம்புவா? என் பெஞ்சுல ஒருத்தராவது உக்கார வேணாமா?”

சித்தி கையுறையைக் கழற்றினாள்.

“அந்த ரிப்போர்ட்ட எழுதுனதே நான்தான். என் கண்ணுக்குத் தெரியலைன்னுதான் எழுதினேன். உள்ள ஒளிஞ்சிருக்கும். இப்ப விட்டா திரும்ப வரும். இதே மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம்.”

தையல்காரி லேசில் விடுகிறவள் இல்லை. “கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடாதுன்னு போன வாரம் போதகர் கர்த்தரைப் பத்திச் சொன்னார். நீங்க கிருமியப் பத்திச் சொல்றீங்க.”

“வாயாடி!” சித்தி சிரித்துவிட்டாள். “கிருமிய எப்படித் தேடணும்னு எனக்குத் தெரியும். நான் தப்பாப் பாத்தா இன்னொருத்தர் பாத்துத் திருத்துவாங்க. கர்த்தரைச் சாயம் போட்டுப் பாக்க எனக்குத் தெரியாதே.”

“அப்ப என்னை எது சுகமாக்குச்சு?”

“ஜெபமே பண்ணாதவங்களும் இந்த மாத்திரையில குணமாகுறதத் தினம் பாக்குறேன். பாதியில விட்டவங்க திரும்பி வர்றதையும் பாக்குறேன். உனக்கு ஜெபம் எவ்வளவு செஞ்சுதுன்னு பாக்கணும்னா, யாரும் ஜெபிக்காத இன்னொரு நீ வேணும். இருக்கிறது ஒருத்திதானே.”

“அந்த ஒருத்தியையே உங்களால சமாளிக்க முடியல.” பிறகு குரல் இறங்கியது. “அக்காவுக்கு விசுவாசமே இல்ல.”

சித்தியின் முகம் சுருங்கிப்போயிற்று.

“இருக்குடி. உனக்காக நானும்தான் ஜெபிக்கிறேன். ஆனா நான் எழுதுன காகிதத்து மேல விசுவாசத்த நிக்க வைக்காத. அடுத்த தடவ கிருமி தெரிஞ்சா, கர்த்தர் தோத்துட்டார்னு சொல்லுவியா?”

தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றினாள்.

“அப்ப பெஞ்சு?”

“உன் பக்கத்துல உக்காந்தா இனிமே தொத்தாதுன்னு டாக்டரே சொல்வார். கேட்டுட்டு வந்து அதச் சொல்லு. அது உண்மை.”

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்றாள். “சளியில கிருமி தெரியல. பக்கத்துல உக்காரலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மாத்திரை இன்னும் நாலு மாசம் இருக்கு” என்றாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “முழுசாச் சுகமான பிறகு சொல்லியிருக்கலாமே” என்று முணுமுணுத்தார். ‘ஆமென்’ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. போதகர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “யாராவது ஜெபிங்க” என்றார்.

சித்தி பாட்டுக் குழுவிலிருந்து இறங்கிவந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். “கர்த்தாவே, இவள் ஒருநாளும் மாத்திரையை மறக்காதபடி காத்துக்கொள்ளும்.”

“அத நான் பாத்துக்கிறேன்க்கா,” தையல்காரி அவள் காதில் கிசுகிசுத்தாள். “நீங்க வேற ஏதாவது பெருசாக் கேளுங்க.”