விரதம் என்று சொல்லி இளைத்த வருடங்கள்

தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் கோடு திரையில் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. இந்தக் கோட்டை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். என் கைபேசியில்.

பாசிர் கூடாங் துறைமுக நகரில் ஓர் இரசாயன ஆலையில் நான் டெக்னீஷியன். அன்று காலை ஷிப்ட். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், சாஆ என்ற ஊர்க்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏண்ணே இப்படி ஆடுது?"

"அவசரக்குடுக்கை வால்வு லா இது. லெவல் கொஞ்சம் எறங்குனா முழுசா தொறக்குது. கொஞ்சம் ஏறுனா முழுசா மூடுது. பட்டினி கெடந்தவன் கல்யாண வீட்டுல பூந்த மாரி."

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

"கொஞ்சமா எறங்குனா கொஞ்சமா தொறன்னு சொல்லிக் குடுக்கணும். அவ்ளோதான்."

ஒரே ஓர் எண்ணை மாற்றினார். அரை மணி நேரத்தில் கோடு அடங்கிவிட்டது. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எடை குறித்து வைக்கும் செயலியைத் திறந்தேன். நான்கு வருடக் கணக்கு. தைப்பூசத்துக்கு முன் ஒரு பள்ளம், பிறகு ஒரு மேடு. புரட்டாசியில் பள்ளம், தீபாவளியில் மேடு. எட்டு கிலோ போன இடத்தில் பத்து கிலோ வந்திருந்தது. ஒவ்வொரு மேடும் முந்தைய மேட்டைவிட உயரம்.

கண்டுபிடிப்பு பிரமாதம்தான். ஆனால் அன்று கந்த சஷ்டி விரதத்தின் நான்காம் நாள். பாலும் பழமும் மட்டும். காலையில் எடை நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள்தானே, முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று கைபேசியை மூடிவிட்டேன்.

டயட் என்று சொன்னால் எங்கள் வீட்டில் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும். விரதம் என்று சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். படிப்பு முடித்து வந்த வருடம், "என்னம்மா, ஹாஸ்டல் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல" என்று ஒரு உறவினர் சிரித்ததிலிருந்து நான் பிடித்துக்கொண்ட தந்திரம் இது. தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு. அம்மா பூரித்துப்போவார். விரதம் முடிந்த மறுநாள் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கோழியும் என்று நான் விழுங்குவதைப் பார்த்து, "பாவம், எத்தன நாள் கெடந்துச்சு புள்ள" என்பார்.

ஐந்தாம் நாள் காலைக் கூட்டத்தில் உடம்பு சரியில்லாதவர்கள் யாரென்று கேட்டார்கள். நான் கை தூக்கவில்லை. ஏணியில் ஏறப்போவது யார் என்றதும் தூக்கினேன்.

மூன்றாவது தளத்துக்குச் சற்றுக் கீழே கண் இருட்டியது. வலது விலா எலும்புக்கு அடியில் யாரோ கையை விட்டு முறுக்குவதுபோல் ஒரு வலி. இரண்டு கைகளாலும் ஏணியைக் கட்டிக்கொண்டேன். தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் அண்ணனின் குரல்.

"ஏறிட்டியா? பதில் சொல்லு."

பதில் சொல்ல ஒரு கையை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை.

"ஏய், பதில் சொல்லு. கேக்குதா?"

அவர் இரண்டு பேரை அனுப்பினார். அவர்கள் என்னை ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். கீழே வந்து நின்ற அண்ணன் முகத்தில் இரத்தமே இல்லை.

"காலைல என்ன சாப்ட்ட?"

"விரதம்ணே."

"அலமாக்! பட்டினியோட ஏணி ஏற எந்தச் சாமி சொல்லுச்சு உனக்கு?"

கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள். "இப்படி எத்தன தடவ கொறைச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர். விரல் விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை. பட்டினி போட்டு வேகமாக இளைக்கும்போது பித்தநீரின் பதம் கெட்டுக் கல் கட்டலாம் என்றார். இளைக்கும்போது தசையும் சேர்ந்து போகிறது, திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பு.

"மறுபடி இப்படிப் பட்டினி கெடந்தா வலி திரும்ப வரும். காய்ச்சலோட வந்தா, கண்ணு மஞ்சளானா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

"அப்ப எப்படித்தான் கொறைக்கிறது டாக்டர்?"

"மெதுவா. மூணு வேளையும் சாப்பிடுங்க, ஒவ்வொரு வேளையும் பருப்போ பயறோ இருக்கட்டும். மொதல்ல ஏறாம நிக்கட்டும், எறங்குறத அப்புறம் பாக்கலாம்."

அது நடந்து சில வாரங்களாகின்றன. நாளை தைப்பூச விரதம் தொடங்குகிறது. கோயிலில் பால்குடத்துக்கு அம்மா என் பெயரைக் கொடுத்தாயிற்று. மூன்று வேளையும் சைவமாகச் சாப்பிட்டு விரதம் இருக்கிறேன் என்று இன்று மாலை சொன்னேன்.

"மூணு வேள தின்னுட்டு விரதமா? கோயில்ல சிரிப்பாங்க."

"அம்மா, நான் இத்தன வருஷமா முருகனுக்கு விரதம் இருக்கல. டிம்பாங்குக்கு இருந்தேன்." குளியலறை வாசலில் கிடந்த எடை பார்க்கும் டிம்பாங்கைக் காட்டினேன்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷமும்?"

"போன வருஷமும்."

"என் பொண்ணு மாரி யாரு விரதம் இருப்பான்னு ஊரெல்லாம் சொன்னேனே." நான் கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கொண்டார். டிம்பாங்கைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, "அந்தக் கல்லு வலிக்குதா இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

நாளை ஆலை பஸ்ஸுக்கு முன் இட்லியும் பருப்பு சாம்பாருமாக அம்மா கண்ணெதிரில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். நாற்பத்தெட்டு நாளில் ஒரு கிலோகூட இறங்காமல் போகலாம். இறங்காவிட்டாலும், நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் எதன் மீதும் பாயாமல், அதே நேரத்துக்கு அதே அளவு சாப்பிட்டு எழ முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.